ஐந்தும் அதற்கு மேலும்: போலிஷ் எண்ணுப்பெயர்களின் இலக்கணமும் அரசியலும்

மொழிக்குள் அதிகாரம் இயங்குகிறது என்பது நம் சிறுபத்திரிகைச் சூழலில் பழகித் தேய்ந்துபோன வாக்கியம். எந்த மொழியில், எந்த விகுதியில், எப்படி என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவது அபூர்வம். இதைச் சோதித்துப் பார்க்கப் போலிஷ் மொழியின் எண்ணுப்பெயர்கள் தோதான இடம் என்று நினைக்கிறேன். ஷிம்போர்ஸ்காவையும் ஹெர்பர்ட்டையும் நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வாசிக்கிறோம். ஆங்கில வினையில் பால் விகுதி கிடையாது. வேற்றுமையும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆட்களை எண்ணும்போது போலிஷ் என்ன செய்கிறது என்பது அந்த வழியில் காணாமல் போகிறது. திணை, பால், வேற்றுமை என்று படித்து வந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நிய விஷயமல்ல.

1

முதலில் விதி. போலிஷில் ஏழு வேற்றுமைகள். இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எண்கள் பெயரடைபோல் நடக்கின்றன: எண்ணப்படும் பெயர் எழுவாய் வேற்றுமையில், பன்மையில் நிற்கும்; வினையும் பன்மை. ‘மூன்று பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்’ என்பது ‘த்ஷி ரொபோத்னித்ஸே ஸ்ட்ரைகோவாவி’. (ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் தர முடியும்.)

ஐந்துக்கு வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. ‘பியெஞ்ச் ரொபோத்னித்ஸ் ஸ்ட்ரைகோவாவோ.’ பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மைக்குப் போய்விடுகிறது. வினை ‘வோ’ என்று முடிகிறது. இது ஒருமை; அதிலும் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத மூன்றாம் பால். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பெண் தொழிலாளர்களின் ஐந்து வேலைநிறுத்தம் செய்தது’ என்று வரும். சில, பல, நிறைய, குறைவு என்கிற அளவுச் சொற்களும் இதே வழிதான். கொஞ்சம் தண்ணீர், ஒரு கிலோ சர்க்கரை என்றாலும் தண்ணீரும் சர்க்கரையும் ஆறாம் வேற்றுமையே. ‘பெரும்பான்மை’ மட்டும் தனி ரகம். அது பெண்பால் பெயர்ச்சொல் என்பதால் வினையும் பெரும்பாலும் பெண்பால் ஒருமையில் வரும்.

இந்த வாக்கியத்தில் எழுவாய் எது? போலிஷ் இலக்கணக்காரர்களுக்குள்ளேயே இதில் தகராறு உண்டு. ‘ஐந்து’ எழுவாய் வேற்றுமையில் இல்லை, செயப்படுபொருள் வேற்றுமையில்தான் இருக்கிறது, ஆகவே வினைக்கு இயைய எழுவாய் இல்லாமல் மூன்றாம் பால் ஒருமையில் நின்றுவிடுகிறது என்பது ஒரு தரப்பு.

2

இதைப் பார்த்ததும் நம்மவர்களுக்குக் கை பரபரக்கும். ‘நாலு பேர்வரை மனிதர்கள், ஐந்தாவது ஆள் வந்ததும் குவியல், ஜடம், இதோ மொழியின் வன்முறை’ என்று ஒரு கட்டுரை சுலபமாக எழுதிவிடலாம். எழுதினால் அது தப்பாகத்தான் இருக்கும்.

காரணம் சொல்கிறேன். 22 பெண்கள் என்றால் பெயர் மறுபடி எழுவாய் வேற்றுமைக்கு, வினை பன்மைக்குத் திரும்பிவிடுகிறது. 25 என்றால் மறுபடி ஆறாம் வேற்றுமை. 12, 13, 14 இரண்டிலும் நாலிலும் முடிந்தாலும் சேராது. 21, ஒன்றில் முடிந்தாலும் ஆறாம் வேற்றுமைப் பன்மையைத்தான் கேட்கும். இன்னும் வேடிக்கை, 22 பெண்களுக்குக் கிடைக்கிற பன்மை வினை 22 ஆண்களுக்குக் கிடையாது. அங்கே பெயர் ஆறாம் வேற்றுமை, வினை மூன்றாம் பால் ஒருமை. கடைசி இலக்கத்தைப் பார்த்து மனிதர்களை ஜடமாக்கி, திரும்ப மனிதர்களாக்கும் சித்தாந்தம் எதுவும் உலகத்தில் இல்லை.

இந்த விதிக்கு விளக்கம் வரலாற்றில் இருக்கிறது. ஆதி ஸ்லாவிய மொழியில் ஒன்று முதல் நான்கு வரை பெயரடைகள், ஐந்திலிருந்து பெயர்ச்சொற்கள். ‘ஐந்து’ ஒரு பெண்பால் பெயர். ‘பெண்களின் ஓர் ஐந்து’ என்று சொன்னார்கள், நாம் ‘ஒரு டஜன்’ என்பதுபோல. பிற்காலத்தில் எண் தன் பெயர்த்தன்மையை இழந்தது. ஆறாம் வேற்றுமை மட்டும் எச்சமாகத் தங்கிவிட்டது. அதற்கும் சான்று இருக்கிறது. ‘ஐந்து பெண்களுக்கு’, ‘ஐந்து பெண்களோடு’ என்று சொல்லும்போது ஆறாம் வேற்றுமை மறைந்து, பெயர் தனக்குரிய நான்காம், மூன்றாம் வேற்றுமை உருபையே ஏற்கிறது. எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் வரும்போதுதான் பழைய எச்சம் தலைகாட்டுகிறது. ‘கூட்டம் வந்தது’ என்று தமிழில் சொல்கிறவர் யாரையும் இழிவுபடுத்துவதில்லை. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

3

அப்படியானால் அதிகாரம் இங்கே எங்குமே இல்லையா? இருக்கிறது, பக்கத்து விகுதியில்.

போலிஷ் பன்மையில் இரண்டே வகுப்புகள். ஒன்றில் ஆண் மனிதர்கள். இன்னொன்றில் மற்ற எல்லாம்: பெண்கள், குழந்தைகள், நாய்கள், மேஜைகள். ஆண் தொழிலாளர்கள் ‘ஸ்ட்ரைகோவாலி’, பெண் தொழிலாளர்கள் ‘ஸ்ட்ரைகோவாவி’. நூறு பெண்களோடு ஓர் ஆண் சேர்ந்துவிட்டால் விகுதி ‘லி’ ஆகிவிடும். எண்களும் இந்தப் பிளவின்படியே நடக்கின்றன. ஐந்து பெண்களுக்கும் ஐந்து மேஜைகளுக்கும் ஒரே ‘பியெஞ்ச்’. ஐந்து ஆண்களுக்குத் தனியாக ‘பியெஞ்ச்யு’. ஆணும் பெண்ணும் கலந்த ஐவருக்கும் குழந்தைகளுக்கும் ‘பியெஞ்ச்யோரோ’. இரண்டு முதல் நான்கு வரை ஆண்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன: எழுவாயாக நின்று பன்மை வினையும் பெறலாம், ஆறாம் வேற்றுமைக்குப் போய் ஒருமை வினையும் பெறலாம். பெண்களுக்கு முதல் வழி மட்டும்.

தொல்காப்பியம் கோட்டை மனிதருக்கும் மற்றதற்கும் நடுவில் போட்டது. பலர்பாலில் ஆண் பெண் பிரிவு இல்லை. தெலுங்கு ஒருமையில் பெண்ணை அஃறிணையோடு சேர்க்கிறது, பன்மையில் மனிதரோடு. போலிஷ் பன்மையில் கோட்டை மனிதருக்கு உள்ளேயே போடுகிறது. இதுவும் வரலாற்றில் விளைந்ததுதான். ஆனால் எண்ணின் ஆறாம் வேற்றுமைபோலச் செத்த எச்சம் அல்ல. வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ‘இந்தக் கூட்டத்தில் ஆண் இருக்கிறானா?’ என்று பேசுபவரைக் கேட்கிற விதி இது.

4

இது வரலாற்றெழுத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் க்டான்ஸ்க் நல்ல உதாரணம். லெனின் கப்பல் கட்டும் தளத்தில் 1980 ஆகஸ்ட் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்கு உடனடிக் காரணம், கிரேன் ஓட்டுநர் அன்னா வாலென்டினோவிச் ஆகஸ்ட் 7 அன்று வேலைநீக்கம் செய்யப்பட்டது. ஆகஸ்ட் 16 அன்று நிர்வாகம் இறங்கிவந்தது. வேலைநிறுத்தம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டு ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மற்றத் தொழிற்சாலைகளைக் கைவிட்டுப் போகக் கூடாது என்று வாசலில் மறித்துப் பேசியவர்களில் வாலென்டினோவிச்சும் செவிலி அலினா பியென்கோவ்ஸ்காவும் டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸும் முக்கியமானவர்கள். அதற்குப் பிறகுதான் 21 கோரிக்கைகள் வந்தன, ஆகஸ்ட் 31 ஒப்பந்தம் வந்தது, ‘சாலிடாரிட்டி’ வந்தது.

இந்த ‘21 கோரிக்கைகள்’ என்பதில் கோரிக்கை ஆறாம் வேற்றுமைப் பன்மையில் இருக்கிறது. அதில் அரசியல் ஒன்றும் இல்லை. ‘தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்’ என்ற வாக்கியத்தின் ‘லி’ விகுதியில்தான் இருக்கிறது. வாசலை மறித்த பெண்கள் இலக்கணப் பிழை எதுவும் இல்லாமல் அதற்குள் மறைந்துபோகிறார்கள். பொய் சொல்லவே தேவையில்லை.

போலந்தில் இது முடிந்த விவாதம் அல்ல. பெண்களின் தொழில்களுக்குப் பெண்பால் பெயர் வேண்டும் என்ற கோரிக்கை நூறாண்டுக்கும் மேற்பட்டது. 2019 இல் போலிஷ் மொழிக் கவுன்சில் பெண்பால் பெயர்களை இன்னும் முழுமையாகப் பயன்படுத்துவதற்குச் சாதகமாகக் கருத்து வெளியிட்டது. ‘நபர்’ எனும் பொருள்கொண்ட ‘ஒஸோபா’ பெண்பால் சொல் என்பதால், ‘நபர்கள்’ என்றால் ஆண்கள் இருந்தாலும் வினை ‘வி’ விகுதி பெறும். சமீப ஆண்டுகளில் செயல்பாட்டாளர்கள் இந்தச் சந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

5

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. இறந்தவர்களைத் துல்லியமாக எண்ணியாக வேண்டும் என்பதைப் பற்றி ஹெர்பர்ட் எழுதிய மிஸ்டர் கொகிட்டோ கவிதை ஒன்று 1983 தொகுப்பில் இருக்கிறது. அதுமாதிரிப் பிரதியில் ஐந்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையைப் பார்த்து ‘இறந்தது’ என்று தமிழில் போட்டால் அது விசுவாசம் அல்ல, போலிஷில் இல்லாத அவமானத்தை நாமாக இட்டுக்கட்டுவது. அங்கே செய்தித்தாளின் சாதாரண வாக்கியமே அப்படித்தான். ‘இறந்தார்கள்’ என்பதே சரி. ஆனால் ‘வி’ விகுதியைக் கண்டும் வெறும் ‘தொழிலாளர்கள்’ என்று விட்டுவிட்டால் நம் பலர்பால் அந்தப் பெண்களை இன்னொரு தடவை மறைத்துவிடும். ‘பெண் தொழிலாளர்கள்’ என்று பெயரிலாவது கொண்டுவர வேண்டும். இறந்தகாலத் தன்மையிலும் இதே பிரச்சினை. ‘இருந்தேன்’ என்பது அங்கே ஆண் சொன்னால் ‘பிவெம்’, பெண் சொன்னால் ‘பிவாம்’. தமிழின் ‘ஏன்’ விகுதி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

எல்லா விகுதியிலும் அதிகாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எந்த விகுதியையும் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. சௌகரியம்தான். போலிஷ் எண்ணுப்பெயர்கள் அந்தச் சௌகரியத்தை நமக்குத் தருவதில்லை. ‘வோ’வை விட்டுவிடு, ‘லி’யைப் பார் என்கின்றன.