30 கிலோ ஆம்ப்ளிபயர் அரைக் கிலோ பெட்டிக்குள்!

வால்வு போச்சு, வால்வு சத்தம் போகவில்லை

தென்காசி:

கிதார் வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சின்னப் பெட்டியைப் பலர் பார்த்திருப்பார்கள். கோயில் கொடையோ, கல்யாண வரவேற்போ, குற்றாலத்துச் சாரல் விழாவோ, 'லைட் மியூசிக்' மேடை என்றால் அங்கே அது இருக்கும். சோப்பு டப்பா அளவுதான். மேலே இரண்டு மூன்று திருகு, ஒரு குட்டி விளக்கு, காலால் மிதிக்க ஒரு பொத்தான்.

"என்ன அண்ணாச்சி, தையல் மிஷின் மாதிரி மிதிக்காரு?" என்று முன்வரிசையில் கேட்பார்கள். அதன் பெயரே 'பெடல்'தான்!

மிதித்ததும், அதுவரை சாதுவாக இருந்த கிதார் உறுமத் தொடங்கும். ஒரு தந்தியைத் தட்டினால் அழுகிற மாதிரி நீண்டுகொண்டே போகும். அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது? பழைய வால்வு ஆம்ப்ளிபயரிலிருந்து வருகிறது. ஆனால் மேடையில் வால்வும் கிடையாது, அந்த ஆம்ப்ளிபயரும் கிடையாது. அதுதான் வேடிக்கை!

செட் சூடாகட்டும்!

வால்வு என்றால் இந்தக் காலத்துப் பையன்கள் சைக்கிள் டியூபில் உள்ளதைத்தான் நினைப்பார்கள். ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் கதை வேறு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் டீக்கடைகளில் இலங்கை வானொலி கேட்ட காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. "செட் சூடாகட்டும்" என்பார்கள். பெட்டியின் பின்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தால் கண்ணாடிக் குமிழ்கள் செக்கச் செவேலென்று ஒளிரும். அரை நிமிடம் கழித்துத்தான் பாட்டு மெல்ல எழுந்து வரும்.

அந்தக் கண்ணாடிக் குமிழ்தான் வால்வு. அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் 1906ல் செய்த மூன்று முனை வால்வுதான் சின்ன ஒலியைப் பெரிதாக்க வழி திறந்தது. குமிழுக்குள் காற்று கிடையாது. உள்ளே சூடாகும் பகுதியிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பித் தகட்டை நோக்கி ஓடும். நடுவில் ஒரு கம்பி வலை. வாய்க்கால் மடையைத் திறந்து மூடுவது போல, வலையில் சின்னதாக மின்சாரத்தை ஆட்டினால் தகட்டுப் பக்கம் பெரிதாக ஆடும். தகட்டுக்கு 300, 400 வோல்ட் வேண்டும். பெங்களூரில் 1954ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியும் ஒரு காலத்தில் வால்வு செய்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடாக வேண்டாம், உடையாது, பேட்டரியில் ஓடும். வால்வு ரேடியோ மெல்ல மெல்லப் பரணுக்குப் போனது. ஆனால் கிதார்காரர்கள் மட்டும் வால்வை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள்.

குறைக்கு வந்த கிராக்கி

பிடிவாதத்துக்குக் காரணம் வால்வின் ஒரு குறைதான். தன் சக்திக்கு மேல் வேலை கொடுத்தால் வால்வு ஒலியைச் சிதைத்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், அது சிதைக்கிற விதம் காதுக்கு இதமாக இருக்கும். ஒலி அலையின் உச்சியை டிரான்சிஸ்டர் வெட்டுக்கத்தியால் சீவியது போல நறுக்கும், கேட்டால் கரகரப்பு. வால்வோ உச்சியை வழித்து உருட்டிவிடும். அடிச் சுரத்தோடு அதன் மடங்குச் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். குரல் தடித்துப் போகும். மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி மீட்டினால் உறுமல். வாசிப்பவரின் விரல் சொன்னபடி கேட்கும்.

இந்தச் சிதைவைத் தேடி என்னென்னவோ செய்திருக்கிறார்கள். 1951ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஐக் டர்னர் குழுவினர் ரெக்கார்டிங்குக்குப் போனபோது ஆம்ப்ளிபயர் சேதமாகிவிட்டது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அதில் வந்த கரகரப்பே அந்த ரெக்கார்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது! 1964ல் லண்டனில் 'கிங்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் பிளேடை எடுத்து ஸ்பீக்கர் காகிதத்தையே கிழித்துவிட்டார். நம்மூர் மைக் செட்காரரிடம் இதைச் செய்திருந்தால் அட்வான்ஸ் தொகை போயிருக்கும்.

நகலுக்கு நகல்

லண்டன் அருகே ஹான்வெல்லில் இசைக் கருவிக் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். டிரம்ஸ் வாத்தியார். அமெரிக்கப் 'பெண்டர்' கம்பெனியின் 'பாஸ்மேன்' ஆம்ப்ளிபயரை இறக்குமதி செய்தால் விலை எகிறியது. "நாமே செய்தால் என்ன?" என்று கடை ரிப்பேர்காரரையும் இன்னொரு பையனையும் வைத்து 1962ல் ஒரு நகல் செய்தார். பெயர் 'ஜே.டி.எம். 45'. நம்மூரில் 'அண்ட் சன்' என்று போர்டு வைப்பது போல, ஜிம்மின் பெயரோடு மகன் டெரியின் பெயரும் அதில் சேர்ந்தது. உள்ளூரில் கிடைத்த சாமான்களைப் போட்டதால் ஒலி கொஞ்சம் மாறியது. அந்த மாறுதலுக்கே உலகம் முழுவதும் கிராக்கி!

இன்னொரு புகழ்பெற்ற பெட்டி இங்கிலாந்தின் 'வாக்ஸ் ஏ.சி. 30'. பீட்டில்ஸ் குழு பயன்படுத்தியது. அதில் இருப்பவை 'இ.எல். 84' என்ற நான்கு வால்வுகள். அதே வால்வுதான் பிலிப்ஸ் ரேடியோ பெட்டிகளிலும் இருந்தது. வீட்டில் சமர்த்தாகச் செய்தி வாசித்த வால்வு, அங்கே மேடையேறி உறுமியிருக்கிறது!

தென்காசிக் கடையிலும் கிடைக்கும் ஐ.சி.

இனிப் பெட்டிக்கு வருவோம். 1979 வாக்கில் ஜப்பானின் 'இபனேஸ்' பெயரில் பச்சை நிறத்தில் ஒரு பெடல் வந்தது. பெயர் 'டியூப் ஸ்க்ரீமர்'. டியூப் என்றால் வால்வு. பெயரில்தான் டியூப், உள்ளே ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது 4558 என்ற ஐ.சி.யும், அலையின் உச்சியை வழித்துவிட இரண்டு டையோடும்தான். 9 வோல்ட் பேட்டரி போதும்.

4558 என்றதும் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அசெம்பிள் ஆம்ப்ளிபயரில் 'பாஸ், டிரெபிள்' போர்டில் காலம் காலமாகப் போட்டுவருகிற சாதாரண ஐ.சி. அது. சில்லறைக் காசு பெறும். அதே எண் உள்ள பழைய ஜப்பான் சரக்கு என்றால் வெளிநாட்டில் தேடித் தேடி வாங்குகிறார்கள். காதுக்காக வாங்குகிறார்களா, பெயருக்காக வாங்குகிறார்களா என்பது அவரவர் மனச்சாட்சி!

அந்தப் பச்சைப் பெட்டி வால்வு ஆம்ப்ளிபயரை உசுப்பிவிடத்தான் உதவியது. 1989ல் அமெரிக்காவில் 'டெக் 21' கம்பெனியின் 'சான்ஸ் ஆம்ப்' வந்தது. ஆம்ப்ளிபயரே வேண்டாம், முழு ஆம்ப்ளிபயர் ஒலியையும் பெட்டியே தரும் என்றார்கள். 1998ல் 'லைன் 6' கம்பெனியின் 'பாட்' அந்த வேலையைக் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாற்றியது. 2011ல் ஜெர்மனியின் 'கெம்பர்' கம்பெனி ஒரு படி மேலே போனது. உண்மையான வால்வு ஆம்ப்ளிபயருக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு, அதன் குணத்தை அந்தக் கருவி படித்துக்கொள்கிறது. கிளிப்பிள்ளை வித்தைதான், ஆனால் கெட்டிக்காரக் கிளி! இன்று 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற மென்பொருள் இதே காரியத்தை இலவசமாகவே செய்கிறது.

சாரலும் ஜெனரேட்டரும்

இந்தப் பக்கத்துக் குழுக்களுக்கு இது ஆடம்பரமல்ல, பிழைப்புக்குத் தேவையானது. ஏ.சி. 30 பெட்டி 30 கிலோவுக்கு மேல் எடை. அதைத் தூக்கிக்கொண்டு தென்காசி பஸ் நிலையத்தில் இறங்கி, கொடை நடக்கும் கிராமத்துக்கு இன்னொரு பஸ் பிடிக்க முடியுமா? வேன் வைத்தால் வருகிற சம்பளம் வாடகைக்கே சரி. குலுங்குகிற ரோட்டில் கண்ணாடி வால்வு தாங்க வேண்டும். கொடை மேடைக்கு ஜெனரேட்டர் கரண்ட். வோல்ட் ஏறி இறங்கினால் வால்வின் ஒலியும் கூடவே ஏறி இறங்கும். குற்றாலத்தில் ஜூன் முதல் சாரல். ஈரக் காற்றும் 400 வோல்ட்டும் நல்ல சகவாசம் அல்ல.

பெடல் தோள்பையில் போய்விடும். மேடையில் நேரே மைக் செட் மிக்சரில் செருகலாம். ஆனால் இங்கேதான் பல புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கிதார் ஆம்ப்ளிபயரின் 12 அங்குல ஸ்பீக்கர், வினாடிக்கு 5 ஆயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மைக் செட் ஸ்பீக்கர் விழுங்காது. அத்தனையையும் கக்கும். வெறும் உறுமல் பெடலை மிக்சரில் செருகினால் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். கிதாருக்கு ஒதுங்கி உட்காரும் முதல் ஆள் பாட்டுக்காரராகத்தான் இருப்பார்! ஸ்பீக்கரின் குணத்தையும் சேர்த்து நகல் செய்கிற பெடலா என்று கேட்டு வாங்க வேண்டும். 'கேபினெட் சிமுலேஷன்' என்று பெட்டியில் போட்டிருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. வால்வு உறும வேண்டுமானால் சத்தத்தை முழுக்கத் திறக்க வேண்டும். ஒலிமாசு விதிகள் 2000ல் வந்த பிறகு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் 12 மணி வரை அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். பெடல் குறைந்த சத்தத்திலும் அதே உறுமலைத் தரும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் நடுச்சாமத்திலும் சாதகம் பண்ணலாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

அச்சு அசல் அதேதானா?

ரெக்கார்டில் கேட்டால் பழகிய காதுகூடத் தடுமாறும். வாசிப்பவரின் விரலுக்குத்தான் கொஞ்சம் தெரியும். ஓங்கி மீட்டும்போது வால்வு ஆம்ப்ளிபயரில் வோல்ட் ஒரு கணம் தாழ்ந்து மீளும். ஒலியும் குனிந்து நிமிரும். விலை மலிவான பெட்டிகள் இதில் கோட்டை விடுகின்றன. கொடைக்கு வந்த கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் எட்டாது. பாட்டு நன்றாக இருந்தால் விசில் பறக்கும்.

அசல் வால்வு இன்னும் சாகவில்லை. ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் செய்கிறார்கள். 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடை என்ற செய்தி வந்ததும் உலகமெங்கும் கிதார்காரர்கள் பதறி வால்வு வாங்கிக் குவித்தார்கள்.

இங்கேயோ பழைய மைக் செட் கடைகளின் மூலையில் தூசி படிந்த வால்வு செட்டுகள் கிடக்கின்றன. டிரான்ஸ்பார்மரில் உள்ள செம்புக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. எடைக்குப் போடும் முன் ஓடுகிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பெடல் வாங்குகிறவர்கள் கவனிக்க: பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் அடாப்டர், நடு முனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ். ஊசி பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால் பெட்டி உறுமாது, புகையும்.