நாயோடு வந்தால் வீடு இல்லையா?

சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டு போன் செய்தால், ஹவுஸ் ஓனர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஃபேமிலியா, பேச்சிலரா? எங்கே வேலை? எத்தனை பேர்? வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? இத்தனையும் தாண்டி வந்தவர், “வீட்ல ஒரு நாய் இருக்கு சார்” என்றதும் எதிர்முனையில் குரல் மாறிவிடுகிறது. “தப்பா நினைக்காதீங்க, எங்களுக்கும் நாய் பிடிக்கும். ஆனா மேல் வீட்ல சின்னக் குழந்தை இருக்கு…” அவ்வளவுதான். சைவக் குடும்பங்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டியிருக்கும் வீடு என்றால் இன்னொரு கேள்வியும் வரும்: நாய்க்கு என்ன சமைப்பீர்கள்?

நாய் வளர்ப்பவர்கள் விரும்பித் தேடுவது பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று நீளும் கடற்கரையைத்தான். மாலையில் காற்று வரும், நடக்க மணல் இருக்கும். ஆனால் முன்வாசலும் பின்பக்கக் கிணற்றடியுமாக இருந்த தனி வீடுகள் பல அங்கே இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. தனி வீட்டில் ஓனர் ஒருவர் சம்மதித்தால் போதும். அடுக்குமாடியில் ஓனர் தலையாட்டிய பிறகும் அசோசியேஷன் செயலாளர், எதிர் ஃபிளாட்காரர், வாட்ச்மேன் என்று வரிசையாகச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த அசோசியேஷன் தடைக்குச் சட்டத்தில் இடமில்லை. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பொதுக்குழுவில் பெரும்பான்மை வாக்கு பெற்றாலும் குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது. நாய் குரைக்கிறது என்பதைக் காரணமாகக் காட்ட முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல் இத்தகைய சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இந்த வாரியத்துக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1962-இல் பிறந்து, 2018-இல் அரியானாவுக்கு இடம் மாறும் வரை இங்கிருந்தே இயங்கியது. அது பிறந்த ஊரிலேயே அதன் சொல் பலருக்கும் தெரியாமல் கிடக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவருக்குத்தான். புதிதாக வீடு தேடி வருகிறவரை ‘நாய் இருக்கிறது, தர மாட்டேன்’ என்று ஓனர் திருப்பி அனுப்பினால் கேட்பதற்குச் சட்டம் இல்லை. அதனால் ஓனரிடம் சட்டப் புத்தகத்தோடு போவதில் பலன் குறைவு. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு, அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வதுதான் வழி.

அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய செய்தியை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. வாடகை வருமானத்தில் வாழும் ஒரு வயதான தம்பதி, கீழ் போர்ஷனில் அப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பதில் தப்பில்லை. இதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். மாநகராட்சி உரிமம், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப் பதிவு. உரிமம் எடுக்காத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி 2025 இறுதியில் அறிவித்த பிறகு இவை எப்படியும் வேண்டும். இந்தத் தாள்களை ஃபைலில் போட்டு நீட்டும் குடித்தனக்காரரிடம் ஓனர் பேசும் தொனியே வேறு.

கடலோர வீட்டுக்கென்று சில சங்கதிகள் உண்டு, அவற்றைப் புரோக்கர்கள் சொல்வதில்லை. பூனை வளர்ப்பவர்கள் பால்கனிக்குக் கம்பி வலை அடிப்பார்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு வலை சீக்கிரமே துருப்பிடித்து இற்றுப்போகும். நைலான் வலையே மேல். மூட்டு வலியுள்ள கிழட்டு நாய்க்குத் தரைத்தளம் சௌகரியம்தான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் நின்ற தண்ணீரை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேல் வீட்டுக்காரர் மழை நாளில் நாயையும் ஏற்றுக்கொள்வாரா என்பதும் வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டியதுதான். கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடும் ஆசையையும் அடக்க வேண்டும். ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றுகிறார்கள். ஒரு நாய் தோண்டினால் ஒரு குழி முட்டையும் போய்விடும்.

வீடு கிடைக்காத அலுப்பில் சிலர் நாயைப் பற்றிச் சொல்லாமலே குடிவந்துவிடுகிறார்கள். இதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் ஓனருக்குக் கோபம் நாயின் மேல் அல்ல, பொய்யின் மேல். அடுத்து வரும் நாய்க்காரருக்கும் அந்தக் கதவு அடைந்துபோகும். இதைவிடக் கொடுமை, வீட்டுக்காக நாயையே விட்டுவிட்டு வருவது. மெத்தையில் படுத்து, தட்டில் சோறு தின்று பழகிய நாய் தெரு நாய்களுக்கு நடுவே நாலு நாள் தாங்காது. பசியிலும் தாகத்திலும் வாட விட்டுக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! அறுபது வருடம் கடந்தும் அந்தத் தொகை மாறவில்லை. ஓர் உயிரைத் தெருவில் தள்ளுவதற்கு ஒரு டீயும் வடையும் விலையென்றால் அந்தச் சட்டம் யாரைத் தடுக்கும்?

ஒப்பந்தத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். எப்படியும் எழுதுகிற பத்திரத்தில் நாயைப் பற்றியும் ஒரு பத்தி எழுதலாமே? கதவில் கீறல் விழுந்தால் பாலிஷ் செலவு யாருடையது, காலி செய்யும்போது பெயின்டிங் காசுக்கு மேல் தரை கழுவ எவ்வளவு பிடிப்பது, மொட்டை மாடிக்கு நாய் போகலாமா, பகலில் தனியாக விடப்படும் நேரம் எவ்வளவு, புகார் வந்தால் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம். இத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ‘நாயால் வீடு நாசமாகும்’ என்ற பொத்தாம்பொதுவான பயம் கணக்குப் பார்க்கக்கூடிய சில செலவுகளாகச் சுருங்கிவிடும். நாய்க்கென்று கூடுதல் அட்வான்ஸ் கேட்டால், திருப்பித் தரும் நிபந்தனையையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

முதல் போனிலேயே நாயின் வயது, எடை, தடுப்பூசி போட்ட தேதி மூன்றையும் சொல்லிவிடுங்கள். முன்பிருந்த வீட்டு ஓனரின் நம்பரைக் கொடுத்து, நாய் எப்படி என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். வீடு பார்க்கப் போகும்போது, ஓனர் சம்மதித்தால், நாயையும் அழைத்துப் போங்கள். அதற்கு முன்னால் ஒரு நல்ல நடை நடக்க வைத்து, களைத்துப்போன நாயாகக் கூட்டிப் போவது நல்லது.