நீல நிலாவைப் பார்த்தீர்களா?

"அப்பா நம்மைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதா? ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்!" என்று உங்கள் வீட்டுப் பெண் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நீல நிலா தோன்றும்போது ஒரு தடவை என்பது சொல்லுக்குச் சொல் அர்த்தம். 'அத்தி பூத்தாற்போல்' என்று நாம் சொல்கிறோமே, அதேதான். (அத்தி பூக்காமல் இல்லை, பூவெல்லாம் காய்க்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறது. அது வேறு கதை.)

அது இருக்கட்டும், நிலா எங்கேயாவது நீலமாக இருக்குமோ? இராது என்றுதான் ஆதியில் இங்கிலீஷ்காரர்களும் நினைத்தார்கள். 1528-ல் வெளிவந்த ஒரு நையாண்டிப் பாட்டில், பாதிரிமார் நிலாவை நீலம் என்றாலும் நாம் தலையாட்ட வேண்டியதுதான் என்று கேலி வருகிறது. அன்றைக்கு நீல நிலா என்றால் நடக்கவே நடக்காத சங்கதி. 'எப்போதோ ஒரு தரம்' என்ற இன்றைய அர்த்தம் பிற்பாடு வந்தது.

ஆனால் நிஜமாகவே நிலா நீலமானதும் உண்டு! 1883 ஆகஸ்டில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலுள்ள கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் நுண்ணிய தூசி ஆகாயமெங்கும் பரவியது. தூசித் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனில், ஒரே சீராக இருந்துவிட்டால் சிவப்பு ஒளியைச் சிதற அடித்துவிட்டு, நீலத்தை மட்டும் நம் கண்ணுக்கு அனுப்பும். பல தேசங்களில் நிலா நீலமாகத் தெரிந்தது. அடுத்த மாதம் நம் சென்னையிலேயே சூரியன் பச்சையாகக் காட்சி கொடுத்தது! சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதை ஆராய்ந்து எழுதினார். பிற்பாடு கோடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானவர் அவர்தான். 1950 செப்டம்பரில் கனடாவில் காடு தீப்பற்றி எரிந்தபோது, அந்தப் புகை கடல் தாண்டிப் போய் ஸ்காட்லாந்தில் நிலாவை நீலமாக்கியது.

இப்போது பத்திரிகைகளில், "இன்று நீல நிலா!" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது இதுவல்ல. ஒரே இங்கிலீஷ் மாதத்தில் இரண்டாவதாக வரும் பௌர்ணமிக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாடிக்குப் போய்ப் பார்த்தால் வழக்கமான பால் நிலாதான். அந்தப் பெயரே ஒரு பிசகில் பிறந்தது. 1946-ல் அமெரிக்க வானியல் பத்திரிகை ஒன்றில், பழைய பஞ்சாங்கம் ஒன்றின் கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டார்கள். 1999-ல் அந்தப் பத்திரிகையே தவற்றை ஒப்புக்கொண்டது. அதற்குள் உலகம் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது! இந்தக் கணக்குப்படி நீல நிலா சுமார் இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிடும். 2023-ல் ஆகஸ்டு 31 அன்று வந்தது.

பெண் சினிமாவைப் பற்றிச் சொன்னபோது இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு சொல்லவில்லை. அந்தத் தொடரில் எண்ணிக்கை கிடையாது, 'எங்கே வருகிறார்!' என்ற முணுமுணுப்புத்தான் இருக்கிறது. ஆகையால், எண்ணிச் சொல்லவேண்டிய இடத்தில் அதைப் போடாதீர்கள். "மார்வலி எப்போதெல்லாம் வருகிறது, அம்மா?" என்று டாக்டர் கேட்கும்போது, "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்று சிரித்து மழுப்பினால், மாதம் இரண்டு தடவை வருகிற வலியை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? தேதியையும் தடவையையும் சொல்லுங்கள்.

மற்றபடி, ஊர்ப்பக்கமே எட்டிப் பாராத நாத்தனாருக்கும், தானாக முன்வந்து காப்பி போடும் கணவருக்கும் தாராளமாக உபயோகிக்கலாம். வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் எடுப்பாக இருக்கும். ஆனால் போன மாதம் அவர் இரண்டு நாள் காப்பி போட்டார் என்பதற்காக, "ட்வைஸ் இன் எ ப்ளூ மூன்" என்று மாற்றிவிடாதீர்கள். அப்படி ஒரு வழக்கு இங்கிலீஷில் இல்லை.