செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வும் பொதுமக்கள் நம்பிக்கையும்

செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு என்பது காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மிகப் பெரிய கள ஆய்வு ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணி ஆகிய மூன்றும் இணைந்து இதனை நடத்தின. தடுப்பூசி குறித்து மக்களுக்குச் சொல்லப்படும் செய்தி அவர்களுடைய இடர் உணர்வையும் நம்பிக்கையையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறியவும் இவ்வாய்வின் முன்கதையும் பின்கதையும் உதவுகின்றன.

பெயர் குறித்து ஒரு விளக்கம் தேவை. அக்காலச் செங்கல்பட்டு மாவட்டம் பழவேற்காடு முதல் மாமல்லபுரத்துக்குத் தெற்கு வரை சென்னையைச் சூழ்ந்து பரவியிருந்தது. அது 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவானது. ஆய்வு நடந்த ஊர்கள் பெரும்பாலும் இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியைச் சேர்ந்தவை.

பின்னணி

கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிவியலாளர்கள் உருவாக்கிய இத்தடுப்பூசி 1921இல் முதன்முதலாக மனிதருக்கு வழங்கப்பட்டது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் காசநோயால் இறப்பதாக ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் மதிப்பிட்டது. நோயாளிகள் அனைவருக்கும் காசநோய் மருத்துவமனைகளில் இடமளிக்க வழியில்லாத நிலையில், மலிவான தடுப்பூசி ஒன்றே கைக்கெட்டிய வழியாகத் தோன்றியது. 1948இல் மதனப்பள்ளியில் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1951 முதல் நாடு தழுவிய இயக்கமாக இது விரிவடைந்தது.

இவ்வியக்கத்துக்கு ஓர் உள்ளார்ந்த இடர்ப்பாடு இருந்தது. நோயுற்றவருக்கு மருந்து கொடுத்தால் குணமடைவதை ஊரார் கண்ணால் காண்பர். நலமாயிருக்கும் குழந்தைக்கு ஊசி போட்டால் தெரிவது தோளில் உண்டாகும் புண்ணும் தழும்பும் மட்டுமே. வராமற்போன நோயை யாரும் காண்பதில்லை. எனவே இங்கு மக்கள் நம்புவது மருந்தை அன்று. அதைப் பற்றிச் சொல்பவரையே.

இராஜாஜியின் எதிர்ப்பு

1955இல் சி. இராசகோபாலாச்சாரி இத்திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். தம் காரணங்களை ஆங்கிலத்தில் சிறு நூலாகவும் வெளியிட்டார். சென்னை மாகாண முதலமைச்சர் பதவியிலிருந்து முந்தைய ஆண்டுதான் அவர் விலகியிருந்தார். பயன் ஐயத்துக்குரியதாக உள்ள உயிருள்ள நுண்ணுயிரியை, நலமாயுள்ள கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்துவது முறையா என்பதே அவருடைய வாதத்தின் சாரம். செருமனியின் லூபெக் நகரில் 1930இல் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்ட தடுப்பு மருந்தால் 72 குழந்தைகள் இறந்த நிகழ்வு இத்தகைய அச்சங்களுக்கு உரமாக இருந்தது.

திட்டம் சட்டப்படி கட்டாயமன்று. ஆனால் பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஊசி போடும்போது, ‘விருப்பம்’ என்பதற்குப் பெற்றோர் என்ன பொருள் கொள்ள முடியும் என்ற வினா எழுவது இயல்பே. எதிர்ப்பு முழுவதையும் அறியாமை என்று ஒதுக்குவது இதனாலேயே பொருந்தாது. அறிவியலாளர்களிடையேயும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. பிரித்தானிய ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு காணப்பட்டது. அமெரிக்காவின் சியார்சியா, அலபாமா ஆய்வில் அது மிகக் குறைவாகவே இருந்தது.

ஆய்வும் முடிவும்

இம்முரண்பாட்டைத் தீர்க்கவே செங்கல்பட்டு ஆய்வு வடிவமைக்கப்பட்டது. ஏறத்தாழ 3,60,000 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வயதுடைய சுமார் 2,60,000 பேருக்குத் தடுப்பூசியோ மருந்துப்போலியோ செலுத்தப்பட்டது. யாருக்கு எது செலுத்தப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முதல் அறிக்கை 1979இல் வெளிவந்தது. சளியில் கிருமி காணப்படும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுத்ததாகத் தெரியவில்லை. 1999இல் வெளியான 15 ஆண்டு அறிக்கையும், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றும் சிறுவர்களுக்கு மிகக் குறைவே என்றும் கூறியது. மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினமான நுண்ணுயிரிகள் மக்களுக்கு முன்பே ஓரளவு எதிர்ப்பாற்றலை அளித்து, தடுப்பூசியின் விளைவை மறைத்திருக்கலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று.

செய்தியின் சிக்கல்

“பி.சி.ஜி. பயனற்றது” என்பது இம்முடிவிலிருந்து எளிதில் பிறக்கக்கூடிய செய்தி. அது தவறானது. குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகியவற்றைப் பற்றி இவ்வாய்வு முடிவு கூற இயலவில்லை. அதற்கு வேண்டிய எண்ணிக்கையில் பச்சிளங்குழந்தைகள் அதில் இல்லை. இவ்வகை நோய்களைப் பி.சி.ஜி. தடுக்கிறது என்பது பின்னர் வேறு ஆய்வுகளால் உறுதியானது. எனவே குழந்தைகளுக்கு ஊசி தொடர்ந்தது. 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்திலும் இடம்பெற்றது.

இராஜாஜி சொன்னதே சரியாயிற்று என்று கொள்வதும் பொருந்தாது. அவர் எழுப்பியவற்றுள் தீங்கு பற்றிய அச்சமும் அடங்கும். செங்கல்பட்டு காட்டியது பயனின்மையை. தீங்கு, பயன் ஆகிய இரண்டும் வெவ்வேறு வினாக்கள். “பாதுகாப்பானது”, “நோயைத் தடுப்பது” என்னும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பரப்புரையில், ஒன்று பொய்த்தால் மற்றதும் ஐயத்துக்குள்ளாகிறது. எந்த வயதினருக்கு, எவ்வகை நோயிலிருந்து, எந்த அளவுக்கு என்று முதலிலேயே பிரித்துச் சொல்லப்பட்டிருந்தால் 1979இன் முடிவு அதிர்ச்சியாக இராது, ஒரு திருத்தமாக மட்டுமே இருந்திருக்கும்.

பிற்காலம்

கோவிட்-19 பரவலின்போது இதற்கு நேர்மாறான நிலை தோன்றியது. பி.சி.ஜி. வழங்கும் நாடுகளில் தொற்று குறைவு என்ற கருத்து 2020இன் தொடக்கத்தில் பரவியது; அதற்குச் சான்றில்லை என உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. சூன் மாதத்தில் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய நான்கு மாவட்டப் பகுதிகளில் மீண்டும் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. தழும்புள்ள தோள் காக்கும் என்று நம்பி இருந்தவர்க்கும் இருந்திராதவர்க்கும் நோய் வந்தது. முதியோருக்குப் பி.சி.ஜி. பயன்படுமா என்பதை ஆராய அவ்வாண்டு சூலையில் தமிழ்நாடு அரசு இசைவளித்தது.

2024இல் இந்தியாவின் பல மாநிலங்களில், காசநோய் இடர் மிகுந்த பெரியவர்களுக்கு அவர்களின் ஒப்புதலுடன் பி.சி.ஜி. வழங்கும் ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டு ஆய்வில் பாதுகாப்புக் காணப்படாத அதே வயதுப் பிரிவினர் இவர்கள்.