மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு ஏன் மாறுகிறது?

மார்ச் மாத இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினம். அதற்குள் பதில் வேண்டும் என்று வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குழப்பம்: சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி, இனி இயல்பு வாழ்க்கை என்று சொல்லி அனுப்பியவர்கள், ரத்தப் பரிசோதனைக்கு ஏன் ஓயாமல் அழைக்கிறார்கள்?

அறிக்கைகளில் ‘வெற்றி’ என்பது பெரும்பாலும் ஓராண்டு முடிவில் சிறுநீரகம் வேலை செய்வதுதான். நோயாளி வேலைக்குப் போகிறாரா, மருந்துச் செலவைச் சமாளிக்கிறாரா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ‘இயல்பு வாழ்க்கை’ என்றால் டயாலிசிஸ் இல்லாத வாழ்க்கை. மாத்திரைகள் கூடவே வரும்.

அவற்றில் முக்கியமானது டாக்ரோலிமஸ். ரத்தத்தில் இதன் அளவு குறைந்தால் உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் காக்க வந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுங்கும், சர்க்கரை ஏறும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு.

விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதியைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். தப்பிப்பதைக் கணக்கிட்டே டோஸ் எழுதுகிறார்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அந்த நொதியைத் தூண்டும். டாக்ரோலிமஸ் அளவு சரியும். எரித்ரோமைசின், ஃப்ளூகனசோல், பப்ளிமாஸ் பழம் ஆகியவை நொதியை முடக்கும், அளவு எகிறும்.

பலரும் ஏமாறுவது வயிற்றுப்போக்கில். மருந்தெல்லாம் வெளியேறிவிட்டது என்று இன்னொரு மாத்திரை போடத் தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு: புண்பட்ட குடலில் நொதி குறைவதால் மருந்து கூடுதலாக ரத்தத்தில் சேரும். நீங்களாக டோஸைக் கூட்டாதீர்கள். அன்றே மருத்துவரை அழையுங்கள்.

பரிசோதனையன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் முடிவு பயன்படாது. இருவேளை போடுபவர் இரவு 9 மணிக்குப் போட்டிருந்தால், காலை 9 மணிக்கு ரத்தம் கொடுத்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை தந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

மற்ற கேள்விகள்:

வலி மாத்திரை? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம்.

தடுப்பூசி? உயிருள்ள கிருமி கொண்டவை கூடாது. இன்ஃப்ளுயென்சா ஊசி போடலாம்.

கர்ப்பம்? பொதுவாக ஓராண்டுக்குப் பிறகு. நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபெனலேட்டை முன்பே மாற்ற வேண்டும்.

நாட்டு மருந்து? மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மாத்திரை எத்தனை காலம்? அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்தினாலும், காசில்லாமல் நிறுத்தினாலும், மீண்டும் டயாலிசிஸுக்குப் போக நேரிடும். மருந்து தடையின்றிக் கிடைப்பதையும் சேர்த்துத்தான் வெற்றியைக் கணக்கிட வேண்டும்.