வல்லரசுகளிடையே சமரசம்

பெங்களூரிலிருந்து இந்துப்பூர் செல்லும் இரயிலில் நம்மில் பலர் கௌரிபிதனூரைக் கடந்திருப்போம். அவ்வூருக்கருகே 1965-ஆம் ஆண்டில், பிரிட்டனின் ஒத்துழைப்புடன், 20 நில அதிர்வுமானிகள் இரு வரிசைகளாக நிறுவப்பெற்றன. தொலைதேசத்தில் பூமிக்கடியில் அணுகுண்டு வெடிப்பினும், அதன் அதிர்வை அவை பதிவு செய்ய வல்லவை. இவற்றுக்கும் உலக சமாதானத்துக்கும் உள்ள தொடர்பு யாது?

பங்காளிகள் இருவர் வரப்புத் தகராறு செய்தால் ஊர்ப் பெரியவர் தலையிடுகிறார். அவர் சொல் எடுபட இருவரும் அவரை நம்பவேண்டும். நிலத்தை அளக்கச் சங்கிலியும் வேண்டும். நாடுகளுக்கும் இதுவே நியதி.

1954 மார்ச் 1-ல் பிக்கினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. அதன் நச்சுச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி படகொன்றிலிருந்த 23 பேர்மீது படிந்தது. ஏப்ரல் 2-ல் பிரதமர் நேரு, முழு உடன்பாடு ஏற்படும்வரை சோதனைகளையேனும் நிறுத்திவைக்குமாறு வேண்டினார்.

1962-ல் ஜினீவாவில் 18 நாடுகளின் ஆயுதக் குறைப்பு மாநாடு கூடியது. பிறர் நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்றது அமெரிக்கா. அது வேவு பார்த்தலே என்றது சோவியத் நாடு. இந்தியா, பர்மா, ஸ்வீடன், மெக்சிகோ உள்ளிட்ட அணிசேராத எட்டு நாடுகள் ஏப்ரல் 16-ல் இடைவழி ஒன்றைக் கூறின. அந்தந்த நாட்டு நிலையங்கள் அதிர்வுகளைப் பதிவு செய்யட்டும். சர்வதேச விஞ்ஞானிகள் குழு அவற்றை ஆராயட்டும் என்பதே அது. இரு தரப்பும் அதனைப் பேச்சுக்கு அடிப்படையாக ஏற்றன. ஆயினும் நேரில் பார்வையிடுதல் கட்டாயமா, விருப்பமா என்பதில் அவரவர் தமக்குகந்த பொருளையே கொண்டனர்.

1963 ஆகஸ்டு 5-ல் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் காற்று மண்டலம், விண்வெளி, நீரடி ஆகியவற்றில் சோதனையை விலக்கியது. நிலத்தடி விடுபட்டது, ஐயம் தீர்க்கும் முறையில் இணக்கம் காணாமையே காரணம். கௌரிபிதனூர்க் கருவிகள் செவிசாய்ப்பது அந்நிலத்தடிக்கே.

இந்தியாவும் பின்னர் 1974-லும் 1998-லும் போக்ரானில் அணுவெடிப்பு நிகழ்த்தியது. சமரசம் பேசியவர் தாமும் வழக்கில் ஒரு தரப்பானால், அவர் சொல்லைப் பிறர் முன்போல் ஏற்பது அரிதன்றோ? நம்பிக்கை குறைந்தால் பிறருக்கும் அதே கதிதான். 2010 மே மாதம் துருக்கியும் பிரேசிலும் ஈரானுடன் பேசி, அதன் 1,200 கிலோ யுரேனியத்தைத் துருக்கியில் வைக்க இசைவு பெற்றன. வல்லரசுகள் அதனைப் போதுமானதாகக் கொள்ளவில்லை. அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்புச் சபை ஈரான்மீது புதிய தடைகளை விதித்தது.

எனினும் இடைநின்றோர் முயற்சி வீணன்று. அவர்கள் முன்வந்ததால்தான் பேச்சு முறியாது நீடித்தது. அடுத்த முறை அவ்வழியே செல்லுங்கால், சமாதானத்துக்கும் அளவுச் சங்கிலி தேவை என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.