அயல்நாட்டில் உயர்கல்வியும் காசநோய்ச் சோதனையும்

உயர்கல்விக்காக அயல்நாடு செல்லும் இந்திய மாணவர்கள், சேர்க்கைக் கடிதத்தை அடுத்து ஒரு மருத்துவப் படிவத்தையும் எதிர்கொள்கின்றனர். காசநோய்ச் சோதனை அதில் முக்கிய இடம் பெறுகிறது. இதனை அவமதிப்பாகக் கருதுவோர் உண்டு. படிப்பே பறிபோய்விடுமோ என அஞ்சுவோரும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் சோதனையின் நோக்கத்தை அறியாமையால் எழுபவையே.

உலகில் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் லட்சம் பேருக்கு 195 பேர் இந்நோய்க்கு ஆளானதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவ்விகிதம் 20 அல்லது அதற்கு மேல் உள்ள நாடுகளிலிருந்து வருவோரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சோதனைக்கு உட்படுத்துகின்றன.

நாட்டுக்கு நாடு முறை

ஆறு மாதங்களுக்கு மேல் தங்குவோர், மார்பு எக்ஸ்-ரே எடுத்துச் சான்றிதழ் பெற்ற பின்னரே பிரிட்டனுக்கு விசா கோர இயலும். அமெரிக்காவின் மாணவர் விசாவுக்குப் பொதுவாக மருத்துவச் சோதனை கிடையாது. எனவே அங்கு இப்பொறுப்பைப் பல்கலைக்கழகங்களே மேற்கொள்கின்றன. வினாப்படிவத்தைத் தொடர்ந்து தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ கோரப்படுகிறது.

தோல் சோதனையில் முன்கையில் ஊசி மருந்து செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்திற்குள் தடிப்பை அளப்பர். குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி பெற்றவர்க்கு, தொற்று இல்லாமலேயே இத்தடிப்பு தோன்றக் கூடும். இரத்தச் சோதனையைப் பி.சி.ஜி. பாதிப்பதில்லை. ஆகவே இந்திய மாணவர்க்கு இரத்தச் சோதனையே ஏற்றது. தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிர்த் தடுப்பூசிகளைப் பெறுவோர், அதே நாளிலோ, நான்கு வாரங்கள் கழித்தோ இச்சோதனைகளைச் செய்துகொள்ளுதல் நலம்.

தொற்று வேறு, நோய் வேறு

சோதனையில் தொற்று தெரிந்தால் நோய் வந்துவிட்டது என்பது பொருளன்று. உறங்குநிலைத் தொற்று உடையவர் பிறருக்கு நோயைப் பரப்புவதில்லை. எக்ஸ்-ரேயில் குறையும், உடலில் நோய்க்குறியும் இல்லையெனில் அவர் வகுப்பில் சேரத் தடை இருக்காது. எனினும் இத்தகையோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வாழ்நாளில் என்றேனும் நோயுறுகின்றனர். "பி.சி.ஜி.யால் வந்த முடிவு" என்று இதனைப் புறக்கணிப்பது ஆபத்தாகும். வாரம் ஒரு முறை வீதம் 12 வாரங்கள் மருந்துண்டு இந்த அபாயத்தைப் பெரிதும் குறைக்கலாம்.

நோயே இருப்பினும் அது குணமாகக் கூடியது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவதால் குடும்பத்தினர்க்கு ஆபத்து மிகுவதில்லை என்பதை, சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தின் ஆய்வு 1959இல் நிறுவியது. மருத்துவ விடுதிகளில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் முறை உலகெங்கும் கைவிடப்பட இவ்வாய்வு துணை நின்றது.

பயணத்திற்குச் சில மாதங்கள் முன்பே சோதனை செய்துகொள்வது நன்று. ஆயினும் முன்கூட்டிச் செய்யும் சோதனையை எந்நாள் முதல் ஏற்பர் என்பதைப் பல்கலைக்கழகத்திடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரு வாரங்களுக்கு மேல் இருமலோ, எடைக் குறைவோ காணின், படிவம் கோரும் வரை காத்திராது மருத்துவரை அணுக வேண்டும். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் சோதனையும் மருந்தும் நாடெங்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. அயல்நாடு செல்வோர்க்கு விதி கட்டாயமாக்கும் இவ்விழிப்புணர்வு, உள்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் தங்கிப் பயில்வோர்க்கும் இன்றியமையாதது.